வேடியப்பன் உள்ளே இருக்கிறார்

செருப்பை வாசலில் கழற்றி, ஜோடி பிரியாமல் ஒட்டி வைத்துவிட்டுத்தான் லூர்துசெல்வி அம்மையார் கம்ப்யூட்டர் அறைக்குள் காலெடுத்து வைப்பார். தூசிக்குப் பயந்து அல்ல. காப்பி காயும் களத்தில் மலையில் யாரும் செருப்போடு ஏறமாட்டார்கள், கொட்டை நசுங்கிவிடும். இங்கேயும் அதே நியாயம். "உள்ளார போயி உக்காந்துட்டா என்ர கைக்கு எத வேணாலும் அழிக்கற பவர் வந்துருதுங்க. காலு சில்லுன்னு இருந்தாத்தான் புத்தி ஒழுங்கா நிக்கும்" என்பார். வாசலில் செருப்பு கிடக்கும் நேரத்தில் அலுவலகத்தில் ஒருவரும் உரக்கத் தும்முவதில்லை.

மலை விவசாயிகளின் காப்பி, மிளகுச் சங்கத்துக்குத் தொண்ணூறாம் ஆண்டில் சேலத்திலிருந்து லாரி ஏறி வந்தது அந்தக் கம்ப்யூட்டர். கொண்டை ஊசி வளைவுகளில் அது வாந்தி எடுக்காமல் வந்ததே பெரிய விஷயம் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். இப்போது நான்கு மேசைகளில் நான்கு கறுப்புத் திரைகள் இருக்கின்றன. படம் கிடையாது, வண்ணம் கிடையாது, பச்சை எழுத்துதான். எது வேண்டுமானாலும் தட்டித்தான் கேட்க வேண்டும். ஊழியர்கள் அவற்றை டிவி என்கிறார்கள். அவரவர் கம்ப்யூட்டர் அவரவர் டிவிக்குள் இருக்கிறது என்று நம்பி, ஆயுத பூஜையன்று தனித்தனியாகப் பொட்டு வைக்கிறார்கள். உண்மையில் அந்த டிவிகளுக்குள் ஒன்றுமில்லை. எல்லாக் காரியமும் பூட்டிய அறைக்குள் இருக்கும் ஒரே இயந்திரத்தில் நடக்கிறது; வெளியே தெரிவது வெறும் தோற்றம். வேதாந்திகள் காலம் காலமாகத் தொண்டை வறளச் சொல்லியும் விளங்காத ஒன்றை ஒரு வயர் நிரூபித்திருக்கிறது.

அந்த அறையின் ஏக சக்கரவர்த்தினி லூர்துசெல்வி. வயது நாற்பத்து நான்கு. சித்திரை வெயிலிலும் கழற்றாத சாக்கு நிற ஸ்வெட்டர். கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட கண்ணாடி. எறும்பு வராமலிருக்க இயந்திரத்தின் பின்னால் காய்ந்த ஆரஞ்சுத் தோல் பரப்பியிருப்பார். மிஷன் பள்ளியில் டைப்ரைட்டிங், சேலத்தில் ஆறு மாத கம்ப்யூட்டர் வகுப்பு. ஒருநாளும் யாருக்கும் பாடம் எடுத்ததில்லை. ஆனாலும் ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறது. முகம் அப்படி.

சங்கத்தில் ஒவ்வொருவருக்கும் அவர் ஒரு பெயரும் ஒரு ரகசிய வார்த்தையும் வழங்கியிருக்கிறார். கூடவே மூன்று வரங்கள்: பார்க்கலாம், எழுதலாம், ஓட்டலாம். மூன்றும் எல்லோருக்கும் கிடைக்காது. கிட்டங்கிக்காரர் தம் சரக்கைப் பார்க்கலாம், எழுதலாம். ரசீது அச்சடிக்கும் வேலையை ஓட்ட முடியாது. சங்கத் தலைவர் பெரிய எஸ்டேட்காரர். அவர் ஜீப் எதிரே வந்தால் பஸ்ஸே ஓரம் கட்டும். அவருக்கு அம்மையார் அருளியது பார்க்கும் வரம் ஒன்றே. ஒருநாள் தலைவர் எதையோ மாற்றப் போய், திரை அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டது. மலையில் அவரிடம் அப்படிச் சொன்ன முதல் ஆள் அந்தத் திரைதான். கூப்பிட்டு விசாரித்தார். "தலைவருன்னா பாக்கோணுமுங்க. கைய வெக்கறதெல்லாம் சின்ன ஆளுங்க வேலைங்க" என்றார் அம்மையார். தலைவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, அடுத்த கூட்டத்தில் இரண்டு தடவை எடுத்துச் சொன்னார்.

இவ்வளவு பெரிய ராஜ்யத்தை அவர் நாற்காலியை விட்டு எழாமலே ஆள்கிறார். உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்க ஒரு சின்னக் கட்டளை உண்டு. அதைத் தட்டினால் பெயர்கள் வரிசையாக வந்து கைகட்டி நிற்கும். எடைக் கொட்டகையில் பதிவாகும் எடைகள்கூட ஒவ்வொன்றாக அவர் திரையில் விழும். "நடந்து போயிப் பாக்கறதெல்லாம் மேஸ்திரி வேலைங்க. தட்டுற தட்டுலயே ஆளு யாருன்னு நான் சொல்லிப்புடுவேன்" என்பது அவருடைய பெருமை. அந்தப் பெருமையின் உச்சியில் உட்கார்ந்திருந்தவர் எடை கிளார்க் வேடியப்பன். ஐந்து மூட்டை கடகடவென்று விழும், ஒரு சின்ன இடைவெளி, மறுபடி ஐந்து. பிழை என்பதே கிடையாது. "வேடியப்பன் தட்டறாப்பல தட்டோணும்" என்று மற்றவர்களிடம் அடிக்கடி சொல்வார். மற்றவர்களுக்கு வேடியப்பனைக் கண்டால் ஆகாமல் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சென்ற தை மாதக் கடைசியில் வேடியப்பன் மாரமங்கலத்தில், தம் வீட்டில், நெஞ்சுவலி வந்து இறந்துபோனார்.

செக்ரெட்டரி பெரியநாயகம் எதையும் எழுத்தில் கொடுப்பவர். தமக்குச் சர்க்கரை போடாத காப்பி வேண்டும் என்பதையே வீட்டில் எழுதித்தான் கொடுக்கிறார் என்று கேள்வி. அன்று மாலையே ஆணை வந்தது: காலமானவரின் பெயரைக் கம்ப்யூட்டரிலிருந்து உடனே நீக்க வேண்டும், தவறினால், தவறியவரும் நீக்கப்படுவார். மறுநாள் கேட்டபோது அம்மையார், "எடுத்தாச்சுங்க சார்" என்றார். எடுக்கவில்லை. பெயரை எடுத்தால் இயந்திரம் அந்த ஆளுக்கு உள்ளே இருந்த இடத்தையும் சேர்த்துத் துடைத்துவிடும். கருமாதிகூட ஆகாத மனிதரை எப்படித் துடைப்பது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. வேடியப்பன் ஊர் முறைப்படி கருமாதி எப்போது, தம் கிறிஸ்தவ சபை முறைப்படி நினைவு நாள் எப்போது என்று இரண்டையும் யோசித்து, எது பிந்தி வருகிறதோ அதுவரை பெயர் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். இந்தச் சம்பளத்தில்தான் அவர் வீட்டிலும் தம்பி வீட்டிலும் அடுப்பெரிகிறது. அது அவருக்குத் தெரியாததல்ல.

கொட்டகை சில நாள் மூடிக் கிடந்தது. மாசியில் மிளகு வரத் தொடங்கியதும் திறந்தார்கள். சேலத்திலிருந்து புது ஆள் வரும்வரை துண்டுச்சீட்டில் எடை எழுதினால் போதும் என்பது செக்ரெட்டரியின் ஏற்பாடு. கொட்டகை திறந்த அன்று காலை அம்மையார் வழக்கம்போல உள்ளே யார் யார் என்று கேட்டார். மூன்று பெயர்கள் வர வேண்டும், நான்கு வந்தன. நான்காவது பெயர் வேடியப்பன்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி கேட்டார். வேடியப்பன் உள்ளேதான் இருந்தார். எந்த டிவியில் என்றும் இயந்திரம் ஒளிக்காமல் சொன்னது: எடைக் கொட்டகையில். அதற்குள் எடைகள் விழத் தொடங்கிவிட்டன. ஐந்து கடகடவென்று. இடைவெளி. மறுபடி ஐந்து. கள்ளன் ஒருவன் பெயரைத் திருடலாம். கையைத் திருட முடியுமா? அது அதே கை. தட்டுற தட்டில் ஆளைச் சொல்லும் வித்தை தமக்கு ஏன் வந்தது என்று அம்மையார் முதன்முதலாக வருந்தினார்.

உள்ளே இருப்பவரை வெளியே தள்ளவும் ஒரு கட்டளை உண்டு. அதைச் செய்தவர்கள் இங்கிலீஷில் அதற்கு வைத்திருக்கும் பெயர், கொல் என்பது. அம்மையார் அதைத் தட்டினார். பக்கத்தில் வேடியப்பனுக்குரிய எண்ணையும் தட்டினார். பிறகு கை மடிக்குப் போய்விட்டது. செத்தவரை இன்னொரு தடவை கொல்வது எந்தச் சட்டத்தில் வரும் என்பது வக்கீல்களுக்கே விளங்காத விஷயம். ஒவ்வொரு எழுத்தாகப் பின்னோக்கி அழித்தார். எழுந்தார். வெறுங்காலோடு வெளியே நடந்தார். செருப்பு வாசலிலேயே கிடந்ததால், டீச்சர் உள்ளே இருப்பதாக எண்ணி அலுவலகம் பயந்துகொண்டே இருந்தது.

முற்றத்தில் மூடுபனி. செம்மநத்தத்திலிருந்தும் மஞ்சக்குட்டையிலிருந்தும் வந்த ஜீப்புகள் மிளகு மூட்டைகளோடு நின்றன. மேலே தார்ப்பாய் இல்லை, வானம் கறுத்திருந்தது. கொட்டகைக்குள் தராசடியில் நின்ற மூட்டை தூக்கும் குழந்தைவேல், "அம்பத்தொண்ணு நானூறு" என்று எடையைக் கூவினான். டிவிக்கு முன்னால், முந்தானையைத் தலையில் சுற்றிக்கொண்டு, வெற்றிலை மென்றபடி ஒரு பெண் தட்டினாள். மிளகு புடைத்துத் தரம் பிரிக்கும் காளியாயி. வேடியப்பனின் மனைவி. ஐந்தாவது மூட்டை முடிந்ததும் குனிந்து, காலடியில் இருந்த டப்பாவில் துப்பிவிட்டு நிமிர்ந்தாள். இத்தனை காலமாக அம்மையார் ரசித்துவந்த இடைவெளி அதுதான்.

"ஏம்மா, இது யாரு பேரு?"

"எங்கூட்டுக்காரரு பேருங்க."

"அவரு செத்துட்டாரே."

காளியாயி விரலை எடுக்காமலே திரும்பிப் பார்த்தாள். "டீச்சர், அவருதானுங்க செத்தாரு. நானு சாவலீங்களே."

விஷயம் இதுதான். திரையைப் பார்த்தால் வேடியப்பனுக்கு முதல் நாளிலிருந்தே கண்ணில் நீர் கொட்டும். மேலும் அவருடைய திறமையெல்லாம் தராசடியில் நின்று விவசாயிகளோடு மல்லுக்கு நிற்பதில் இருந்தது. அதனால் தட்டுவது மனைவி பொறுப்பாயிற்று. செக்ரெட்டரி சுற்றிப் பார்க்க வரும்போது மட்டும் அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். அவள் முறத்தை எடுத்துக்கொள்வாள். மூட்டை தூக்குகிறவர்களுக்குத் தெரியும், ஜீப் டிரைவர்களுக்குத் தெரியும், மஞ்சக்குட்டைக் குழந்தைகளுக்குத் தெரியும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கே சம்பளம் வாங்கும் ஒருவருக்குத் தெரியாது. "டீச்சரு ஒருக்கா எந்திரிச்சு வந்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்குமுங்க" என்றான் குழந்தைவேல், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கருமாதி கழியாமல் வேலைக்கு வரலாமா என்று கூட இருக்கும் பெண்களே காளியாயியைக் கேட்டிருக்கிறார்கள். மிளகு கருமாதி பார்த்துக் காயுமா என்று அவள் திருப்பிக் கேட்டாளாம். துண்டுச்சீட்டில் எழுதி மாளவில்லை, மழை வருகிற மாதிரி இருந்தது, உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் செக்ரெட்டரி பெரியநாயகம் கொட்டகைக்குள் வந்தார். கையில் ஒரு ரசீது. பின்னால் மிளகு கொண்டுவந்த செம்மநத்தத்து விவசாயி சித்தன். ரசீதின் அடியில், எடை பார்த்தவர் வேடியப்பன் என்று அச்சாகியிருந்தது. செத்தவர் கையால் கொடுத்ததை வீட்டுக்குள் எப்படிக் கொண்டுபோவது என்று சித்தன் அதை வாங்க மறுத்து, நேரே செக்ரெட்டரியின் மேசையில் போய் வைத்துவிட்டார்.

செக்ரெட்டரி டிவியைப் பார்த்தார், காளியாயியைப் பார்த்தார், அம்மையாரின் வெறுங்காலைப் பார்த்தார்.  

"அன்னைக்கே எடுத்தாச்சுன்னு சொன்னீங்க. அப்ப இந்தம்மா எப்படியோ திருட்டுத்தனமா உள்ள நுழைஞ்சிருக்குது. அப்படித்தானுங்களே?"

தலையை ஒருமுறை ஆட்டினால் போதும். வேலை மிஞ்சும், பெயர் மிஞ்சும், தம்பி வீட்டு அடுப்பும் மிஞ்சும். போவது ஒரு கூலிக்காரியின் கூலி மட்டும். குழந்தைவேல் எடை கூவுவதை நிறுத்தினான். காளியாயி வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள். கூரைத் தகரத்தில் முதல் துளி விழுந்தது.

"இல்லீங்க சார். நான் எடுக்கல. பொய் சொன்னேன்" என்றார் அம்மையார்.

"ஆர்டரப் படிச்சீங்கல்ல. கடைசி வரியையும் படிச்சீங்கல்ல. அதுப்படி உங்களையும் எடுக்க வேண்டியிருக்குமே."

"எடுங்க சார். ஆனா அந்த ரூமுக்குள்ள என்னைய எடுக்கற கட்டளையும் நாந்தான் தட்டோணும். வேற யாருக்கும் தெரியாதுங்க. சொல்லுங்க, என்னைய எடுத்து வெச்சுட்டே போறேன்."

இது பணிவா மிரட்டலா என்று செக்ரெட்டரி யோசித்தார். எழுத்தில் கொடுத்திருந்தால் அவருக்கு விளங்கியிருக்கும். வெளியே ஜீப்காரர்கள் மூட்டை நனைகிறது என்று சத்தம் போடத் தொடங்கினார்கள். கடைசியில் அவர் குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார்: வேடியப்பன் பெயரை எடுத்துவிடுவது, தம் பெயரில் ஒரு அனுமதி போடுவது, காளியாயி அதில் தட்டிக்கொள்வது. முறம் புடைக்கிற பெண்ணின் பெயர் சங்கத்து ரசீதில் வந்தால் தலைவர் என்ன சொல்வாரோ என்றும் சேர்த்துக்கொண்டார்.

"மாட்டேனுங்க சார்" என்றார் அம்மையார். "பேரு ஒருத்தருது, கை ஒருத்தருதுன்னு இத்தன நாளு ஏமாந்தது போதும். நாளைக்கு ஒரு மூட்டை கொறஞ்சா நீங்க பதில் சொல்லுவீங்களா? அவ தட்டோணுமுன்னா அவ பேருல தட்டோணும். இல்லாட்டி எல்லாம் நனையட்டும்."

மழை வலுத்தது. செக்ரெட்டரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் ஆணையை வாயால் சொன்னார்: "போடுங்க."

மூவரும் கம்ப்யூட்டர் அறைக்குப் போனார்கள். அம்மையார் முதலில் வேடியப்பனை எடுத்தார்.  பிறகு காளியாயியின் பெயரைத் தட்டினார். பார்க்கலாம், எழுதலாம், ஓட்டலாம். மூன்றையும் கொடுத்தார். இயந்திரம் ரகசிய வார்த்தை கேட்டது. அம்மையார் எழுந்து நாற்காலியைக் காளியாயியிடம் தள்ளினார். அது அவளுக்கு மட்டுமே தெரிந்ததாக இருக்க வேண்டும், யாரிடமும் சொல்லக்கூடாது, தம்மிடமும் கூட, என்றார்.

காளியாயி உட்கார்ந்தாள். விரலைத் தூக்கியவள் தட்டவில்லை. பக்கவாட்டில் பார்த்தாள். செக்ரெட்டரி முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து, விசைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லூர்துசெல்வி அம்மையார் ஏற்கெனவே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டார். தலையைத் திருப்பாமலே வலது கையை உயர்த்தி, ஆள்காட்டி விரலைக் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். செக்ரெட்டரி நிமிர்ந்து, அவருக்குப் பக்கத்தில் வந்து, சுவரைப் பார்த்து நின்றார்.