காப்புக் கட்டிய ஆண்களும் கறித்தோட்டத்துப் பாதையும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு வண்டிப் பாதை வரப்போகிறது என்றதும் அழுதது என் அக்காதான். சீனி வியாதியில் ஒரு காலை எடுத்த பிறகு, கிளினிக்குக்கு அவளை நாற்காலியில் வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு மலை இறங்குவார்கள். கூச்சத்தில் வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொள்வாள்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. அளக்க வந்தவர்கள் குச்சி நட்டது காமன் பொட்டலின் நடுவில். மாசியில் கம்பம் ஊன்றி, கூத்தாடி, கடைசி நாளில் காமனை எரிக்கிற இடம் அது. ஆண்கள் கொதித்துப் போனார்கள்.

"பாதையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு வந்ததே கோபம்! அக்காவை ஒரு நிமிடம் நினைத்தாரா மனுஷன்?

மாசியும் பிறந்திருந்தது. மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் மலை ஏறி வருவதற்குள் கம்பத்தை ஊன்றி, ஆண்கள் எல்லோரும் கையில் காப்புக் கட்டிக்கொண்டார்கள். ஊன்றிய கம்பத்தை எரிக்கும் நாள்வரை யாரும் அசைக்கக் கூடாது. பெக்கோக்காரர் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிப் போனார். ஆண்களுக்கு ஒரே கொண்டாட்டம்.

அன்று மாலையே மஸ்கெலியாவில் இருக்கிற பாதை அலுவலகத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். காலையில் வந்து பேசாவிட்டால் பாதை வேறு தோட்டத்துக்குப் போய்விடுமாம். பாதை கைவிட்டுப் போகிறது என்று அப்போதுதான் இவர்களுக்கு உறைத்தது. போய்ப் பேசலாமென்றால், காப்புக் கட்டியவர்கள் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாதே! எவ்வளவு பெரிய புத்திசாலிகள், பாருங்கள்.

"நாங்க போறோம்" என்றேன்.

"நீங்க போய் என்னத்தப் பேசுவீங்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

"பேசுறதுக்கு எங்களுக்குச் சொல்லித் தரணுமாக்கும்?"

விடிந்ததும் பெண்கள் எல்லோரும் மஸ்கெலியா பஸ் பிடித்தோம். லயத்துக்குப் பின்னால் நாங்கள் காய்கறி போடுகிற கறித்தோட்டங்கள் இருந்தன. அந்த வழியாகவும் பாதை வரலாம். ஆனால் அங்கே விளைகிற லீக்ஸும் போஞ்சியும்தான் எங்கள் கைச்செலவு. கொடுத்துவிடுவது என்று பஸ்ஸிலேயே முடிவெடுத்தோம். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

"பொட்டல் வேணாம் மாத்தயா. எங்க தோட்டத்த எடுத்துக்கங்க. மொதல்ல என்னோடது" என்றேன், அலுவலகத்துச் சிங்கள அதிகாரியிடம்.

அதிகாரி சந்தேகமாகப் பார்த்தார். "ஆம்பளைங்க சரி சொன்னதா?"

"அவங்க காப்புக் கட்டியிருக்காங்க, வர முடியாது. நட்டது நாங்க, குடுக்கிறதும் நாங்கதான்."

அவர் சிரித்துவிட்டார். வரைபடத்தில் கோட்டை அங்கேயே மாற்றிப் போட்டார்.

திரும்பி வந்தபோது எல்லைக் கல்லருகே ஆண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒருவர் கால்கூட அந்தப் பக்கம் படவில்லை. விஷயத்தைச் சொன்னதும் தப்பு முழங்கியது. தப்படித்தது யார் என்கிறீர்கள்? என் வீட்டுக்காரர்தான். அப்படி ஒரு பெருமை அதுவரை எனக்கு வாய்த்ததில்லை.

பொட்டலில் காமனை எரித்து முடித்த பிறகு வேலை தொடங்கியது. கொங்கிறீட் இறுகியதும் முதல் ஆட்டோ அக்காவின் வாசலிலேயே வந்து நின்றது. நல்ல சேலை உடுத்தி ஏறினாள். பக்கத்தில் நான். என் லீக்ஸ் பாத்தி இருந்த இடத்தில் வண்டி வேகமெடுத்தது. அக்கா டிரைவரின் தோளைத் தட்டினாள்.

"மெதுவாப் போங்க தம்பி. எல்லாரும் என்னையப் பார்க்கட்டும்."