ஆடியில் வந்த தண்ணீர்

சங்கரன்கோவிலில் எங்கள் காலனிக் குழாயில் ஆடி மாதத்தோடு தண்ணீர் நின்றுபோனது. "வாரா வாரம் வரும்னியளே அண்ணாச்சி, வரலையே?" என்று காலனிச் சங்கச் செயலாளரிடம் கேட்டேன்.

"ஆடியில வந்துச்சுல்லா சார்? பின்ன எப்படி வரலைன்னு சொல்லுதிய?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முடிவில்லாமல் நீளும் எழுத்துத் தொடர்களைப் படித்து, ஒவ்வொன்றையும் ஏற்கவோ மறுக்கவோ செய்யும் கணித இயந்திரங்களான தானியங்கிகளைப் பற்றிக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன் நான். ஒரு தானியங்கி ஏற்பதையெல்லாம் மறுத்து, மறுப்பதையெல்லாம் ஏற்கும் இன்னொன்றைக் கட்ட, அதன் விதிகளில் வரும் 'அல்லது'வையும் 'மற்றும்'மையும் இடம் மாற்றினால் மட்டும் போதாது. 'திரும்பத் திரும்ப வரும்' என்ற நிபந்தனையையும் கவிழ்க்க வேண்டும். அதன் மறுப்பு 'ஒருமுறைகூட வரவில்லை' அல்ல. 'ஒரு கட்டத்துக்குப் பிறகு வரவேயில்லை' என்பதுதான்.

இதைத் தப்பாக எழுதும் மாணவனுக்கு முட்டை போடுகிறேன். இந்த மனுஷனுக்கோ நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறோம்.