பாதி காலியான சென்ட் பாட்டிலும் புதுச்சேரி பஸ்ஸும்

1956-ஆம் வருஷம், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போய் வந்தேன். காரணம் என் மனைவி. எதிர்வீட்டு அம்மாளுக்கு அவள் தம்பி புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு சென்ட் பாட்டில் ஒன்று கொண்டுவந்து கொடுத்தான். அன்று முதல் எங்கள் வீட்டு ரசத்தில் உப்பு இல்லை. நான் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. வயது நாற்பத்தேழு. தொந்தி தாராளம், தைரியம் சொற்பம்.

போவதற்குப் பயமில்லை, திரும்புவதற்குத்தான். எல்லைக்கு அந்தப்பக்கம் குடி தாராளம், இந்தப்பக்கம் மதுவிலக்கு. திரும்பும் பஸ்களை எல்லையில் நிறுத்திச் சோதனை போடுவார்கள். ஒரு கேஸ் விழுந்தால் சர்க்கார் உத்தியோகம் அன்றோடு சரி. எங்கள் ஆபீஸில் ஒருவர் அப்படித்தான் வீட்டுக்குப் போனார். குடித்தது இருமல் மருந்து என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நாங்கள் ஒருத்தரும் நம்பவில்லை.

காலை ஆறரைக்கு பஸ். இருபத்துநாலு மைல், டிக்கெட் பதினைந்து அணா. எட்டே காலுக்கு இறங்கினேன். பஸ் நிற்குமிடத்திலிருந்து கடற்கரை ஒரு மைல், நடந்தே போகலாம். கால்வாயைத் தாண்டியதும் தெருக்கள் கோடு போட்டது போல் நேராகிவிடுகின்றன. முக்கில் உயரமான சிவப்புத் தொப்பியோடு நின்ற போலீஸ்காரரைக் கண்டு, ஒரு குற்றமும் செய்யாமலே கும்பிட்டு வைத்தேன். அவர் பாவம், கடலுக்கு வழி கேட்கிறேன் என்று நினைத்துக் கையைக் காட்டினார்.

சென்ட் ஒரு பாய் கடையில் கிடைத்தது. நாலு ரூபாய் எட்டணா. தங்கக் காகிதம் சுற்றிய கழுத்து, லேபிள் முழுக்க பிரெஞ்சு. பாய் மூடியைத் திறந்து முகரக் கொடுத்தார். “மெர்சி, மறுபடி வாங்க” என்று பிரெஞ்சில் பாதி நன்றியும் தமிழில் பாதி அழைப்புமாக வழியனுப்பினார்.

மூன்றேகால் பஸ்ஸில் திரும்பினேன். எனக்குப் பக்கத்தில் வெள்ளை ஜிப்பா, சந்தனப் பொட்டு, ரிடையரான வாத்தியார். இப்படி ஒருவர் பக்கத்தில் இருந்தால் போலீஸ் நம்மைத் தொடாது என்று எனக்கு ஒரு நிம்மதி. அது வண்டி கிளம்பும் வரைதான். கடைசி நிமிஷத்தில் ஒரு மீனவப் பெண் கருவாட்டுக் கூடையோடு ஏறினாள். மேலே இடமில்லை என்று கண்டக்டர் கூடையை என் காலடியில் வைக்கச் சொல்லிவிட்டார்.

நான் கால்களைத் தூக்கி சீட்டின் மேல் மடக்கிக்கொண்டேன். ரெட்டியார்பாளையம் வருவதற்குள் பாட்டிலைத் திறந்து கைக்குட்டையை நனைத்து மூக்கில் வைத்தேன். கொஞ்சம் கண்ணிலும் பட்டுவிட்டது. வில்லியனூர் தாண்டியபோது பாட்டில் பாதி. அதற்குள் என் மூளை வேறு வேலையைத் தொடங்கியிருந்தது. இந்த மாதிரிப் பெண்கள் கருவாட்டுக்கு அடியில்தான் சாராயம் கடத்துகிறார்கள் என்று யாரோ சொன்ன ஞாபகம். வாத்தியார் காதில் சொன்னேன். அவரும் இருக்கும், இருக்கும் என்றார். பிடிபட்டால் கூடை யார் காலடியில் இருக்கிறது என்றுதானே பார்ப்பார்கள்? எல்லைக்கு இன்னும் எத்தனை என்று மைல் கற்களை எண்ணிக்கொண்டே வந்தேன். அவள் எங்களைத் திரும்பிப் பார்த்ததாகவே தெரியவில்லை.

நாலு இருபதுக்குச் சோதனைச் சாவடி. முதலில் அவள் கூடையைத்தான் கழியால் கிளறினார்கள். கருவாடு, அதற்கடியிலும் கருவாடு. அவ்வளவுதான். அடுத்து என்னை இறங்கச் சொன்னார்கள். மரத்துப்போன காலை ஊன்றினேன். நேரே கான்ஸ்டபிள் மேல் போய் விழுந்தேன். அவர் என்னை முகர்ந்தார். என் கண்ணைப் பார்த்தார். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டரிடம் தள்ளிக்கொண்டு போனார்.

“எவ்ளோ போட்டே?” என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் பாட்டிலை நீட்டி, சென்ட் என்றேன். தங்கக் காகிதத்தையும் பிரெஞ்சு எழுத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சென்ட்ட எவனாவது ஒரே நாள்ல பாதி பாட்டில் பூசுவானா?”

வாத்தியாரைக் கேட்கும்படி கெஞ்சினேன். தனக்கு என்னைத் தெரியாது என்றும், ஏதோ நெடி அடித்தது நிஜம் என்றும் அவர் ஜன்னல் வழியாகவே சாட்சி சொன்னார். இன்ஸ்பெக்டர் காகிதத்தை எடுத்து என் பெயரை எழுதினார். எந்த ஆபீஸ் என்றார். இருபத்திரண்டு வருஷ உத்தியோகம் அந்த ஒரு பதிலில் இருந்தது.

அப்போது அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள்.

“அய்யா, அவரு குடிக்கல.”

“நீ யாரு, பொண்டாட்டியா?” என்றார் கான்ஸ்டபிள். பஸ்ஸில் சிரிப்பு.

“கருவாடு விக்கிறவ. என் கூடை நாறுதுன்னு பாதி பாட்டில மூஞ்சில அப்பிக்கினு வந்தாரு. கண்ணு அதுலதான் செவந்துது. கூடை பட்டுடப் போவுதுன்னு ஒரு மணி நேரமா கால மடக்கி வச்சிக்கினாரு. அப்புறம் தள்ளாடாம என்னா செய்யும்?”

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். “நெசமா?”

தலையாட்டினேன். வாயால் சொல்லச் சொன்னார்.

“ஆமா சார். நாத்தம் தாங்காமத்தான் ஊத்திக்கிட்டேன்.”

அவளை வைத்துக்கொண்டே சொன்னேன். அந்த வார்த்தைதான் என் உத்தியோகத்தைக் காப்பாற்றியது. இன்ஸ்பெக்டர் இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டு முகர்ந்துவிட்டு, காகிதத்தைக் கிழித்துப் போட்டார்.

வண்டி கிளம்பியதும், கூடைக்கு இருபக்கமும் காலை இறக்கி வைத்துக்கொண்டு, நன்றி என்று ஏதோ முனகினேன்.

“ஒங்களுக்காகச் சொன்னேன்னு நெனச்சிக்காதீங்க சாமி,” என்றாள். “ஆறு மணிக்குள்ள கடை போடணும். ஒங்களால வண்டி நின்னுட்டிருந்துது.”

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சென்ட் வாங்கினால் ரசீதும் வாங்குங்கள். வீடு வரும்வரை மூடியைத் தொடாதீர்கள். காலை மடக்கி உட்காராதீர்கள். ரயிலும் இருக்கிறது. பக்கத்துச் சீட்டில் சந்தனப் பொட்டு இருக்கிறதே என்று தெம்பாக இருக்காதீர்கள்.

இன்ஸ்பெக்டரை வீட்டில் நிறையத் திட்டினேன்; கண்ணையும் காலையும் பார்த்து ஒரு மனிதனைக் குடிகாரன் என்று முடிவுகட்டலாமா என்று. பிறகு எனக்கே குரல் இறங்கிவிட்டது. அவராவது என்னை நிற்க வைத்து ஒரு கேள்வி கேட்டார். நான் அந்தக் கருவாட்டுக்காரியிடம் அதுகூடக் கேட்கவில்லை.