மல்லாக்கப் போடுங்க, மேடம் பார்க்கிறாங்க

ஆன்லைன் பயிற்சி என்றால் என்னவென்று நம்மைப் போன்ற நர்சுகளுக்குத்தான் தெரியும்: ஒரு கையில் தடுப்பூசி, மறு கையில் செல்போன், காதில் "மைக்கை மியூட் பண்ணுங்க".

சுரைக்காய்ப் பிள்ளை

கைக்குழந்தையைப் பத்திரமாகத் தூங்கவைப்பது எப்படி என்பதுதான் போன மாதப் பாடம். "ஆளுக்கொரு பொம்மையை மல்லாக்கப் படுக்கவெச்சு கேமராவுல காட்டுங்க" என்றார் வகுப்பெடுத்த மேடம். வெண்ணந்தூர்ப் பக்கம் நாங்கள் பொம்மைக்கு எங்கே போவது? கூட வேலை பார்க்கும் செல்வி, குழம்புக்கு வாங்கிய சுரைக்காயைத் துண்டில் சுற்றிப் படுக்க வைத்தாள். மேடம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். "பிள்ளை நல்லாயிருக்கு. காம்பை மட்டும் கிள்ளிடுங்க."

லாரி மெத்தை

அதே வாரம் குமரேசன் வீட்டுக்குப் போனேன். போர்வெல் லாரி டிரைவர். வடக்கே ஓட்டிக்கொண்டிருந்தவர், முதல் குழந்தையைப் பார்க்க லீவில் வந்திருந்தார். மகள்மேல் கொள்ளை ஆசை. லாரியில் தான் படுக்கும் மெத்தையையே வெட்டிப் பாப்பாவுக்குப் போட்டிருந்தார். சுற்றிலும் நாலு தலையணை, கால்மாட்டில் எலுமிச்சை மிளகாய் மாலை. நடுவில் பாப்பா குப்புறத் தூங்கிக்கொண்டிருந்தாள். குறைமாதப் பிள்ளை, மூக்கு மெத்தையில் அழுந்தினால் தலையைத் திருப்பத் தெம்பு ஏது?

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, மெத்தை வேண்டாம், தலையணை வேண்டாம், மாலையை வாசலில் கட்டுங்கள் என்று அடுக்கினேன். மனுஷன் சிரித்தார். "ஏனுங்க நர்ஸம்மா, எஃப்.சி. பாக்குற ஆபீசருகூட எங்க லாரிய இவ்வளவு நோண்ட மாட்டாருங்க."

முகம் புதைத்தவர்

சொன்னால் கேட்கிற ஆளில்லை. மறுநாள் வகுப்பு நேரத்துக்கு அவர் வீட்டிலேயே போய் உட்கார்ந்து, போனைச் சத்தமாக வைத்தேன். "மெத்தையை உள்ளங்கையால அழுத்துங்க. அமுங்குனா அது பாப்பாவுக்கு ஆகாது" என்றார் மேடம். குமரேசன் அழுத்தினார். கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. அதோடு விட்டாரா? தானே குப்புற விழுந்து, முகத்தை மெத்தையில் புதைத்துக் கிடந்தார். அவர் மனைவி சுதா வாயைப் பொத்திச் சிரித்தாள்.

எழுந்தவர் முகத்தில் சிரிப்பில்லை. தலையணைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டார். "எனக்கு மூச்சு முட்டுச்சுன்னா எந்திரிச்சுக்குவனுங்க. இவ என்னங்க பண்ணுவா?"

வீடியோ கால்

இப்போது பாப்பா பாயில், ஒரே ஒரு விரிப்பின்மேல், மல்லாக்கத் தூங்குகிறாள். குமரேசன் வேலைக்குத் திரும்பிவிட்டார். போன வாரம் எடை பார்க்கப் போன என்னிடம் சுதா அழாக்குறையாகச் சொன்னாள்: "நீங்களாச்சும் வாரத்துக்கு ஒருக்கா வாரீங்கக்கா. அவரு நாளைக்கு நாலு தடவ போனுல படுக்கையக் காட்டச் சொல்றாரு. எந் தலையாணியக்கூட அந்த ரூமுல வெக்க உடமாட்டீங்கறாரு."

பயிற்சிச் சான்றிதழ் வந்தது என்னவோ என் பேருக்கு, வேலை பார்ப்பது அவர்.