ஏழாம் நம்பர் மெஷின்

அப்பா ஒரே ஒரு தடவைதான் என்று சொல்லிவிட்டார். டைப்ரைட்டிங் லோயர் பரீட்சை பாஸ் பண்ணினால் வேலைக்குப் போகலாம். இல்லையென்றால் துறையூரிலிருந்து வந்திருந்த வரனுக்குச் சரி என்று எழுதிப் போட்டுவிடுவார். அறுபதுகளின் ஆரம்பம் அது. ரயில்வே பட்டறையில் ஃபிட்டர் அவர், சொன்னால் சொன்னதுதான். எனக்கு அந்த வரன் மேல் கோபம்கூட இல்லை. ஏதாவது ஒரு ஆபீஸில் ஒரு நாற்காலி, அதில் நான். அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

பாலக்கரையிலிருந்து விடிகாலையில் நடந்தே சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடியில் இருந்த இன்ஸ்டிடியூட்டுக்குப் போவேன். ஆறு மணி பேட்ச். எனக்குக் கொடுத்தது கடைசி வரிசையில் ஏழாம் நம்பர் மெஷின். ஒரு வருஷம் வேறு மெஷினைத் தொட்டதே இல்லை. அதில் ஸ்பேஸ் பாரை ஒரு தடவை அழுத்தினால் தாள் நகராது. இரண்டு தடவை அழுத்தினால்தான் ஒரு இடம் விடும். எல்லா டைப்ரைட்டரும் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள். தையல் மெஷினைக்கூடத் தொட்டிராதவளுக்கு டைப்ரைட்டரைப் பற்றி என்ன தெரியும்? வார்த்தை முடிந்ததும் பெருவிரல் தானாக டக் டக் என்று இரண்டு போடும். சார் தினமும் என் தாளை வாங்கிப் பார்ப்பார். ஒரு பிழை இருக்காது. தாளைத்தான் பார்த்தார், என் கையை ஒரு நாளும் பார்க்கவில்லை. நல்ல மனுஷர், பாவம்.

பரீட்சை ஸ்ரீரங்கத்தில், ஒரு ஸ்கூலில். அவரவர் பழகின மெஷினையே இன்ஸ்டிடியூட்காரர்கள் ஹாலுக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். அந்தத் தைரியத்தில்தான் இருந்தேன். மெஷின்களை ஏற்றிய மாட்டுவண்டி பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு, மணி அடிக்கப் போகிற நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. ஏழாம் நம்பரைத் தூக்கி என் முன்னால் வைத்துவிட்டு, மூச்சு வாங்கச் சிரித்தார் சார்.

"ஸ்பேஸ் பார் மக்கர் பண்ணுதுன்னு சாயந்தர பேட்ச்ல சொன்னாங்கம்மா. நேத்துதான் மெக்கானிக்கை வெச்சு சரி பண்ணேன். உனக்கு இன்னிக்குப் பரீட்சையாச்சே."

அது என் மண்டையில் ஏறவே இல்லை. மணி அடித்தது, நானும் அடிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது வரியில்தான் கண் தாளுக்குப் போனது. வார்த்தைக்கு வார்த்தை இரண்டு இடம் விட்டு, பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. ஒன்றுதான், ஒன்றுதான் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு அடித்தேன். விரலை அடக்கினால் வேகம் போனது. வேகத்தைப் பிடித்தால் விரல் இரண்டு போட்டது. பாதித் தாளிலேயே நேரம் முடிந்துவிட்டது.

வெளியே காத்திருந்த சாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா என்றார். கோளாறு என்றே தெரியாததை எப்படிப் போய்ச் சொல்வது?

ரிசல்ட்டில் என் நம்பர் இல்லை. அப்பா சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே கேட்டார்.

"மெஷின் சரியாத்தானே இருந்துச்சு?"

"சரியாத்தான் இருந்துச்சுப்பா."

எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தார். அடுத்த பரீட்சை வரைக்கும் பொறுங்கள், விரலைத் திருத்திவிடுகிறேன் என்று காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். அன்றைக்கே கார்டு எழுதித் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். அந்த ஆத்திரம் எனக்கு வருஷக்கணக்கில் ஆறவில்லை.

துறையூர் வீட்டில் டைப்ரைட்டர் என்ன, எழுத ஒரு பேனாகூட உருப்படியாகக் கிடையாது. மூன்று பிள்ளை பெற்றேன், மூத்தது ஸ்கூலுக்கும் போக ஆரம்பித்துவிட்டது. உலை கொதிக்கட்டும் என்று நிற்கிற நேரத்தில் அடுப்பு மேடை விளிம்பில் என் விரல்கள் பாட்டுக்கு ஏதோ அடித்துக்கொண்டிருக்கும். திருத்திவிடுகிறேன் என்று அப்பாவிடம் அழுதேனே, அது பொய். பெருவிரல் இன்னமும் இரண்டு தடவைதான் தட்டுகிறது.