பூஜ்யம் சார் போட்ட கையெழுத்து

பூஜ்யம் சார் அன்றும் காலை ஆறரைக்கே வந்து இயந்திரத்துக்குள் கோளாறுகளை ஒளித்து வைத்துக்கொண்டிருந்தார். ஒரு வால்வின் திருகைக் கால் சுற்று தளர்த்தினார். இன்னொரு வால்வுக்குள் சிட்டிகை இரும்புத்தூளைப் போட்டு மூடினார். என்ன செய்தோம் என்பதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி மடித்தார். எட்டு மணிக்கு வரும் ஃபிட்டர்கள் அதைக் கண்டுபிடிக்கத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் பயிற்சிக்கூடம் அவருக்குச் சம்பளம் தருகிறது. நல்ல இயந்திரத்தைத் தினமும் கெடுத்துச் சம்பாதிக்கிற மனிதர் ஊரில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

வயது ஐம்பத்தாறு. பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது, பூஜ்யம் சார் என்றால் வாட்ச்மேனே வழி காட்டுவார். எண்ணெயின் அழுத்தத்தில் ஓடுகிற இயந்திரம் எதையும், மோட்டாரை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கி, அளவு காட்டும் கேஜில் முள்ளைப் பார்த்து, "பூஜ்யம்" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் கழற்றவிடுவார். மனதுக்குள் சொன்னால் செல்லாது.

"மோட்டார ஆஃப் பண்ணிட்டா எல்லாம் அடங்கிருச்சுன்னு நெனப்பா? உள்ள பிரஷர் உக்காந்திருக்கும்யா, கோவிச்சுக்கிட்ட மாமியார் மாதிரி. சத்தமே வராது. நீ கை வச்சாத்தான் தெரியும்."

வீட்டில் குக்கர் மூடியைக்கூட 'பூஜ்யம்' சொல்லாமல் திறக்கவிட மாட்டார். "பூஜ்யம், பூஜ்யம்! போதுமா? முப்பது வருஷமா இந்தக் குக்கருக்குப் பாடம் நடத்துறாரு" என்று மனைவி வெயிட்டைத் தூக்கிக் காட்டுவார். இவர் சிரிக்காமல் தலையசைப்பார்.

இன்னொரு பைத்தியமும் உண்டு. பயிற்சிக்கு வருகிற ஒவ்வொருவர் கையிலும் முதல் நாளே ஒரு அட்டைத்துண்டைத் திணித்துவிடுவார். எண்ணெய் ஓடும் ரப்பர் குழாயில், அதாவது ஹோஸில், எங்கோ ஒழுகுகிறது என்றால் அந்த அட்டையைத்தான் அதன் ஓரமாக நகர்த்திப் பார்க்க வேண்டும், கையால் தடவக் கூடாது. ஊசி முனை ஓட்டையிலிருந்து பீறிடும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது, தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். எறும்பு கடித்த மாதிரி ஒரு சுருக். அவ்வளவுதான். ஆறு மணி நேரத்துக்குள் கையைக் கீறிக் கழுவாவிட்டால் சதை உள்ளுக்குள்ளேயே அழுக ஆரம்பிக்கும்.

இப்படிப்பட்டவரிடம் அன்று பரீட்சைக்கு வந்து நின்றவர் அவருடைய சம்பந்தி. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டின் பெரியவர். இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருட ஃபிட்டர். காதை வைத்தே பம்பின் வியாதியைச் சொல்லிவிடுவார். தொழிற்சாலையில் புதிதாக ஒரு விதி வந்திருந்தது: சான்றிதழ் இல்லாதவர்கள் இயந்திரத்தைத் தொடக் கூடாது, பேக்கிங் பகுதிக்குப் போய் அட்டைப்பெட்டி ஒட்டலாம். சம்பந்தி ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தார். கையால் தடவுகிற பழக்கம். இது இரண்டாவது வாய்ப்பு, கடைசி வாய்ப்பும்கூட.

முதல் தோல்விக்குப் பிறகு மகள் போனில் அதிகம் பேசுவதில்லை. "மாமா சாப்பிடாம எந்திரிச்சுப் போயிடறாருப்பா. அத்தை எங்கிட்ட முகம் குடுத்தே பேச மாட்டேங்கறாங்க" என்று ஒருமுறை சொன்னாள். பூஜ்யம் சாருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் கோளாறை எளிதாக்கி வைக்கவில்லை.

சம்பந்தி ஆறே நிமிடத்தில் வால்வைப் பிடித்துவிட்டார். மோட்டாரை நிறுத்தினார், முள்ளைப் பார்த்தார், கூடம் அதிர "பூஜ்யம்!" என்றார். எல்லாம் கச்சிதம். பூஜ்யம் சாருக்கே நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தபோதுதான் கவனித்தார்: சம்பந்தியின் வலது கை கால்சட்டைப் பையிலேயே இருந்தது. டீ வந்தது. இடது கையால் வாங்கிக் குடித்தார்.

பூஜ்யம் சார் பேனாவை மூடினார். இயந்திரத்தின் பின்பக்கம் போய்க் குனிந்தார். சம்பந்திக்குக் கொடுத்த அட்டைத்துண்டு கறையே இல்லாமல் அங்கே கிடந்தது. அதற்கு மேலே, பழைய ஹோஸின் வளைவில், துளித்துளியாக எண்ணெய் ஈரம். துடைத்துவிட்டுப் பார்த்தார். ஊசிக்குத்து அளவு ஓட்டை. அவர் சீட்டில் எழுதாத கோளாறு அது. இரண்டு மாதமாக மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று தள்ளிப்போட்டு வந்த ஹோஸ். நிமிர்ந்து சம்பந்தியிடம் ஓடினார்.

"சம்பந்தி, கையக் காட்டுங்க."

"ஒண்ணுமில்ல."

"ஓடும்போது தடவிப் பாத்தீங்களா?"

"அதான் ஒண்ணுமில்லங்கறேன்ல. மொதல்ல கையெழுத்தப் போடுங்க."

"வெளையாடாதீங்க. விரல் போயிடும். கையே போயிடும்."

"கையெழுத்துப் போட்டா காட்டறேன்" என்றார் சம்பந்தி. "இருவத்தெட்டு வருஷம் பாத்த வேலை. எல்லார் முன்னாடியும் என்னை டப்பா ஒட்ட வுட்றாதீங்க."

பூஜ்யம் சார் அந்தக் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், முடியவில்லை. பூஜ்யம் சார் பேனாவைத் திறந்து, 'தேர்ச்சி' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, தாளைச் சம்பந்தியின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். சம்பந்தி படித்துப் பார்த்துவிட்டுக் கையை வெளியே எடுத்தார். ஆள்காட்டி விரலின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. விரல் வெளுத்து வீங்கத் தொடங்கியிருந்தது.

"வலிக்குதா?"

"இல்ல. மரத்த மாதிரி இருக்கு."

மருத்துவமனையில் இருந்த சின்ன டாக்டர் புள்ளியைப் பார்த்துவிட்டு, ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்றார். பூஜ்யம் சார் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு டாக்டரைப் பார்த்துக் கத்தினார். "உள்ள எண்ணெய் போயிருக்கு சார்! பெரிய டாக்டரக் கூப்புடுங்க. கூப்புடற வரைக்கும் நான் இந்த வாசப்படிய விட்டு நகர மாட்டேன்." கதவை மறித்துக்கொண்டு நின்றார். பெரிய டாக்டர் வந்தார், பார்த்தார், உடனே ஆப்பரேஷன் தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து விபத்து அறிக்கை எழுதினார். ஹோஸை மாற்றாதது என் தவறு என்பதை முதல் வரியாகவே எழுதினார். பிறகு சான்றிதழ்த் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மகளும் சம்பந்தியம்மாவும் ஓடி வந்தார்கள். விரல் நிலைக்குமா என்பது இரண்டு நாள் போனால்தான் தெரியும், கை தப்பித்தது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். சம்பந்தியம்மா மடியிலிருந்த தாளைப் பார்த்தார். "பாஸ் போட்டுட்டீங்களாமே, ஆப்பரேஷனுக்கு முன்னாடி இவரு போன்ல சொன்னாரு. அது இருந்தா ஒரு விரல் இல்லாட்டியும் அந்த வேலையிலயே காலத்தத் தள்ளிடுவாரு. புண்ணியமாப் போகும்."

மகள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"போட்டது போட்டதா இருக்கட்டும்ப்பா. ஒரு கையெழுத்துதானே."

"அவரு இன்னமும் கையாலதாம்மா தடவறாரு."

"நான் திரும்ப அந்த வீட்டுக்குத்தானேப்பா போகணும்?"

அவர் மகளைப் பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அவள் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. பிறகு பேனாவைத் திறந்து, போட்ட கையெழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்தார். மகள் எழுந்து போய் மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் சம்பந்திக்கு நினைவு வந்தது. தோள்வரை கட்டு. வறண்ட உதட்டை நக்கிக்கொண்டு எல்லோரையும் பார்த்தார். மனைவியையும் மருமகளையும் தாண்டிக் கடைசியில் இவரிடம் வந்து கண் நின்றது.

"சம்பந்தி... பாஸ்தானே?"

பூஜ்யம் சார் இல்லை என்று தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே, விலகிக் கிடந்த போர்வையை இழுத்து அவருடைய காலை மூடிவிட்டார்.