தாடையைத் தொட்டுப் பார்த்தவர்

பேரையூர்ப் பக்கத்து மலையடிவாரக் காட்டில் நடந்துகொண்டிருந்தேன். பெயர் தெரியாத மரமொன்றில் ஆரஞ்சு நிறத்தில் பழங்கள் தொங்கின. கீழே குரங்கு கடித்துப் போட்டவை கிடந்தன. குரங்கு தின்றால் நாமும் தின்னலாம் என்று ஒன்றைப் பிட்டு வாயில் போட்டேன். கசப்பு தாங்காமல் துப்பி நிமிர்ந்தபோது, எதிரே தோளில் தொரட்டியோடு ஆடு மேய்ப்பவர் ஒருவர் நின்றிருந்தார். மெலிந்த, கறுத்த மனிதர்.

"அது எட்டி. கொட்டைதான் விசம். கடிச்சுட்டீகளா?"

"தெரியலண்ணே."

ஒருமுறை ஆடுகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தொரட்டியைப் போட்டுவிட்டு, என் கையைப் பிடித்து ரோட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு நடந்தார்.

"பேசிக்கிட்டே வாங்க. தாடை இறுகுனா சொல்லுங்க."

ஊர், வேலை, பிள்ளைகள் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நான் நிறுத்தியபோதெல்லாம் என் தாடையைத் தொட்டுப் பார்த்தார்.

ரோட்டில் ஒரு வேனை மறித்து, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ஏற்றிவிட்டார்.

"ஆடுகள அப்படியே விட்டுட்டு வந்துட்டீங்களேண்ணே."

"போன தடவ ஆட்டையும் ஓட்டிக்கிட்டுத்தான் கூட்டியாந்தேன். நேரமாயிருச்சு."

யாரை என்று கேட்பதற்குள் வேன் கிளம்பிவிட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அவரை நினைக்கும்போதெல்லாம் கை தானாகத் தாடைக்குப் போகிறது.